மனசின் பாரத்தை மண்ணில் இறக்குவது: காவிரி வண்டலில் ஒரு சாண் உருவம் செய்யும் முறை

மண்ணில் உருவம் பிடிக்கக் கற்கிறவர்கள் பெரும்பாலும் முகத்தில்தான் கை வைக்கிறார்கள். கண், மூக்கு, உதடு எல்லாம் ஒழுங்காக வந்துவிடும். ஆனால் அந்த உருவத்துக்குள் ஆள் இருக்காது. உணர்ச்சி முகத்துக்கு வந்து சேர்வது கடைசியில்தான். அதற்கு முன்பே இடுப்பு தளர்ந்திருக்கும், தோள் முன்னால் விழுந்திருக்கும், கை எதையாவது பற்றியிருக்கும். தமிழ் இலக்கணம் இதற்கு வைத்த பெயரே மெய்ப்பாடு, அதாவது மெய்யில் படுவது, உடம்பில் தெரிவது. நாமும் உடம்பிலிருந்தே தொடங்குவோம்.

செய்யப்போவது உட்கார்ந்த நிலையில் 21 செ.மீ. உயரமுள்ள சுடுமண் உருவம் ஒன்று. நிற்கும் உருவம் முதல் முறைக்கு வேண்டாம். மொத்தப் பாரமும் கணுக்காலில் இறங்கி, காயும்போதே அங்கே முறிந்துவிடும்.

முதலில் மண்ணை ஊறப்போடுங்கள்

குயவர் மிதித்து வைத்த மண் ஒரு கூடை விலைக்குக் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. கிடைக்காவிட்டால் சொந்த வயலில், உழவு படும் மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு ஒரு அடிக்குக் கீழே எடுக்கலாம். ஈர மண் 4 கிலோ தேவைப்படும். சேதாரத்துக்கும் சோதனைக்கும் இன்னொரு 2 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

டெல்டா மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. கோடையில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து வயல்கள் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரை அதிகம் குடித்து உப்பும், காயும்போது அதே அளவுக்குச் சுருங்கும். மணல் சேர்க்காமல் உருவம் பிடித்தால் அந்த வயல் வெடிப்பு அப்படியே உருவத்தின் முதுகில் வரும்.

எடுத்த மண்ணை முதலில் நன்றாகக் காயவிடுங்கள். அரை ஈரத்தில் கட்டி கட்டியாக இருப்பது தண்ணீரில் கரையாமல் கிடக்கும். எலும்பாகக் காய்ந்தது மட்டும் தொட்டவுடன் பொலபொலவென்று உதிரும். காய்ந்ததும் உடைத்து, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு இரண்டு நாள் ஊறவையுங்கள். பிறகு கொசுவலையை இரண்டு மடிப்பாக மடித்து அதில் வடிகட்டுங்கள். இந்த வடிகட்டலைச் சோம்பல் பார்த்து விட்டுவிடக் கூடாது. வயல் மண்ணில் சுக்கான் கல்லும் நத்தை ஓட்டுத் துணுக்கும் கலந்திருக்கும். இரண்டும் சூளையில் வெந்தால் சுண்ணாம்பாகிவிடும். சுட்டு எடுத்த அன்று ஒன்றும் தெரியாது. பத்து நாள் கழித்து, காற்றின் ஈரத்தைக் குடித்து அந்தச் சுண்ணாம்பு உப்பி, கன்னத்திலிருந்து மிளகு அளவு சில்லு தெறித்து விழும். கடலோர ஊர்களில் மண்ணில் உப்பும் இருக்கும், காய்ந்தபின் வெள்ளையாகப் பூத்துவிடும். அங்கே வடிகட்டிய குழம்பைத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை இறுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு முறை செய்தால் போதும்.

குழம்பைச் சாக்கின் மேல் பரப்பிக் கெட்டியாக்குங்கள். நான்கு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த மணல், அரைப் பங்கு உடைத்த உமி என்று கலந்து, ஈரச் சாக்கில் சுற்றி ஒரு வாரம் வைத்துவிடுங்கள். உமி மண்ணைத் தளர்த்தி ஈரம் வெளியேற வழிவிடும், பிறகு சூட்டில் எரிந்துபோய் நுண்ணிய துளைகளை விட்டுச்செல்லும்.

கலவை சரியா என்று பார்க்க ஒரு பட்டை தட்டி, அதில் சரியாக 10 செ.மீ. நீளத்துக்குக் கோடு கீறிக் காயவிடுங்கள். காய்ந்தபின் கோடு 9 செ.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும், குறைந்திருந்தால் இன்னும் மணல் தேவை. இன்னொரு சோதனையும் உண்டு. பென்சில் பருமனில் திரித்து விரலில் சுற்றுங்கள். வெடித்தால் மணல் மிஞ்சிவிட்டது.

மண் ஊறும் வாரத்தில் செய்ய வேண்டியது

உருவம் உயிரோடு வருமா வராதா என்பது இந்த வாரத்தில்தான் முடிவாகும். மண்ணைத் தொடாத வாரம்தானே என்று வீணாக்காதீர்கள்.

உணர்ச்சியின் பெயரை எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரு கணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சோகம்’ என்று வைத்துக்கொண்டு மண்ணைத் தொட்டால், கை தானாகப் போஸ்டர் படத்தைச் செய்துவிடும். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தாகிவிட்டது, பேப்பரிலும் வந்துவிட்டது, ஆனால் கடைமடை வாய்க்காலில் இன்னும் தூசிதான் பறக்கிறது. வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீர் வர வேண்டிய திசையை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். இது ஒரு கணம். 2018 நவம்பரில் கஜா புயல் ஓய்ந்த காலையில், வேரோடு சாய்ந்த தன் தென்னை மேலேயே உட்கார்ந்திருப்பவர் இன்னொரு கணம். துக்கம்தான் வேண்டும் என்பதில்லை. ஆடிப்பெருக்கன்று படித்துறையில் முதல் தண்ணீரில் கால் நனைக்கும் சிறுமியும் நல்ல கணம்தான்.

அதை மூன்று வரியில், நீங்கள் வீட்டில் பேசும் பேச்சிலேயே எழுதுங்கள். பிறகு பேனாவை எடுத்து ‘சோகம்’, ‘ஏக்கம்’, ‘தவிப்பு’ என்று வரும் சொற்களை எல்லாம் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் மண்ணால் சொல்லக் கூடியது. ஒன்றும் மிச்சமில்லை என்றால் கணம் இன்னும் கிடைக்கவில்லை, வேறு தேடுங்கள்.

அடுத்து, அந்த நிலையில் நீங்களே ஐந்து நிமிஷம் உட்காருங்கள். கண்ணாடி முன்னால் வேண்டாம். கண்ணாடி வந்தால் நடிப்பு வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு மூன்று கேள்விகள்: பாரம் எங்கே இறங்குகிறது, குதிகாலிலா, பிட்டத்திலா, ஊன்றிய கையிலா? முதலில் தளர்வது எது, கழுத்தா, தோளா, மணிக்கட்டா? மூச்சு எங்கே நிற்கிறது? மூன்று பதில்களையும் எழுதி, வேலை செய்யும் பலகைக்கு மேல் ஒட்டிவையுங்கள். இனி உங்களுக்கு விதி என்று இருப்பது அந்த மூன்று வரிதான்.

அழுகைக்குப் பழைய இலக்கணம் நான்கு காரணம் சொல்கிறது: இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை. இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் கணம் இந்த நான்கில் எது என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டால் போதும், ஏனென்றால் நான்குக்கும் உடம்பு வேறு. இழப்பில் உடம்பு ஆடும். ஒப்பாரி வைக்கும் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றி முன்னும் பின்னும் ஆடுவது அதனால்தான். அவமானம் சுருக்கும், கழுத்தே காணாமல் போய் முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும். தளர்ச்சியில் கை, உள்ளங்கை மேலே பார்க்க, மடியில் கிடக்கும். வறுமையில் கை சும்மா இராது, எதையாவது மறைத்துக்கொண்டே இருக்கும். இழப்பைச் செய்ய நினைத்துத் தளர்ச்சியைச் செய்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. உட்கார்ந்த உருவம் என்றாலே கை மடிக்குப் போய்விடுகிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சாவு வீட்டில் செல்போனில் படம் எடுக்காதீர்கள், ஏட்டில் வரையாதீர்கள். அங்கே போவது துக்கம் கேட்க. வீட்டுக்கு வந்து ஒரு நாள் கழித்தும் நினைவில் எது நிற்கிறதோ, அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதுவும் யாருடையது என்று ஊர் அடையாளம் காணும்படி செய்யக் கூடாது.

பத்துப் பிடிகள்

மண் பதமானதும் கால் மணி நேரம் பிசைந்து, கம்பியால் இரண்டாக அறுத்துப் பாருங்கள். வெட்டு முகத்தில் காற்றுக் குழி இல்லாமல் இருந்தால் சரி. 100 கிராம் எடையில் பத்து உருண்டை பிடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிஷம், போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்றைக் கண்ணை மூடிக்கொண்டே செய்யுங்கள். முகம் வேண்டாம், விரல் வேண்டாம், கருவியும் வேண்டாம். ஏழு செ.மீ. உயரத்தில் அந்த உடம்பின் சாய்வும் பாரமும் மட்டும் வரட்டும். மூன்று நிமிஷம் முடிந்தால் கையை எடுத்துவிடுங்கள். ‘இன்னும் கொஞ்சம்’ என்று தொட்டால் கெட்டுவிடும்.

சாயங்காலம், வெளிச்சம் மங்கும் நேரத்தில், பத்தையும் திண்ணை விளிம்பில் வரிசையாக வைத்துவிட்டு பத்தடி தள்ளி நின்று பாருங்கள். விவரம் தெரியாது, வெளிக்கோடு மட்டும் தெரியும். அந்தத் தூரத்திலும் எது உங்களை இழுக்கிறதோ, அதுதான். பெரும்பாலும் அது நான்காவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் இருக்கும். முதலில் கை பழகியிருக்காது, கடைசியில் கை கெட்டிக்காரத்தனம் காட்டத் தொடங்கியிருக்கும்.

எடுத்த பிடியை விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். ‘எப்படி இருக்கு’ என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ‘இவங்க என்ன பண்றாங்க?’ என்று கேளுங்கள். ‘உக்காந்திருக்காங்க’ என்று பதில் வந்தால் மறுபடி பத்துப் பிடி. ‘யாரையோ எதிர்பார்த்துக்கிட்டிருக்காங்க’ என்று வந்தால் மேலே போகலாம்.

ஓலையால் அளப்பது

சுவாமிமலை ஸ்தபதிகள் படிமத்துக்கு அளவு எடுப்பது தென்னை ஓலை நறுக்கில். படிமத்தின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, மடித்து மடித்து, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று பிரிப்பார்கள். பெரிய தெய்வங்களுக்கான உத்தம தச தாலம் என்ற அளவு முறையில் மொத்த உயரம் 124 அங்குலம். இந்த அங்குலம் இஞ்ச் அல்ல, படிமத்தின் உயரத்தை 124ஆகப் பிரித்ததில் ஒரு பங்கு. அந்தக் கணக்கு தெய்வத்துக்கு உரியது, அங்கே அது சரியாகவும் வேலை செய்கிறது. வரப்பில் உட்கார்ந்திருப்பவர் உடம்பு அந்தக் கணக்கில் நிற்காது. களைத்த கை நீண்டு தெரியும், கூனியவர் கழுத்து விரற்கடைகூட இருக்காது.

ஓலை மட்டும் நமக்கும் வேண்டும். சாஸ்திரத்திலிருந்து அளவு எடுக்காமல், உங்கள் பிடியிலிருந்து எடுங்கள். தலை உச்சியிலிருந்து தோள், தோளிலிருந்து முழங்கை, முழங்காலுக்கும் மோவாய்க்கும் நடுவிலுள்ள இடைவெளி, முதுகு வளைவின் ஆழம் என்று ஆறேழு ஓலை நறுக்குங்கள். ஒவ்வொன்றையும் மூன்று மடங்காக்குங்கள். 7 செ.மீ. பிடி 21 செ.மீ. உருவமாகும், எடை இருபத்தேழு மடங்காகி, சுமார் 2.7 கிலோ. பெரிதாக்கும்போது கை தன்னையறியாமல் உடம்பை ‘சரி’ செய்யும், முதுகை நிமிர்த்தும், கழுத்தை நீட்டும். அப்போதெல்லாம் ஓலையை வைத்துப் பாருங்கள். மூன்று நிமிஷத்தில் தெரிந்தோ தெரியாமலோ நீங்கள் பிடித்த அந்தச் சாய்வை அதுதான் காப்பாற்றும்.

கீழிருந்து கட்டுங்கள்: அடிப்பாகம், இடுப்பு, முதுகு, தோள், கழுத்து, கை, தலை, கடைசியில் முகம். உள்ளே இரும்புக் கம்பி வைக்காதீர்கள். மண் சுருங்கும், கம்பி சுருங்காது, கம்பியை ஒட்டியே பிளக்கும். சாய்வு அதிகமென்றால் மூங்கில் குச்சியை வெளியிலிருந்து முட்டுக்கொடுத்து, மண் இறுகியதும் எடுத்துவிடுங்கள்.

பாரம் எதன் மேலாவது இறங்கியாக வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ள, தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர் அங்கே இருக்கிறார், 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த செப்புத் திருமேனி. சாய்ந்திருக்க வேண்டிய காளை இப்போது இல்லை. ஆனாலும் அந்தக் கை கிடக்கும் விதத்திலும் இடுப்பு ஒடிந்திருக்கும் விதத்திலும் காளை தெரிகிறது. முன்னால் மட்டும் நின்று பார்த்துவிட்டு வராதீர்கள், பக்கவாட்டில் இருபது நிமிஷமாவது நில்லுங்கள். தாலக் கணக்குக்குள் நின்றுகொண்டே இவ்வளவு இயல்பாக ஒரு உடம்பைச் சாய்த்தவர்களை நினைத்தால் மனசு நிறைகிறது.

ஒரு கை, கிட்டத்தில்

முந்தானையை இறுக்கிப் பிடித்திருக்கும் கையை எடுத்துக்கொள்வோம். பலரும் ஐந்து விரலையும் தனித்தனியாகத் திரித்து ஒட்டுவார்கள். அது வாழைச் சீப்பு மாதிரி வரும், காயும்போது ஒவ்வொன்றாக உதிரும்.

12 கிராம் மண்ணை உருட்டிச் சற்றே தட்டுங்கள். மூங்கில் சில்லால் மூன்று கீறல், நான்கு விரலாகிவிட்டது. கட்டை விரலை மட்டும் தனியாகத் திரித்து, ஆள்காட்டி விரலின் மேல் குறுக்கே அழுத்துங்கள். இனி புடவை. 3 மி.மீ. தடிமனில் பட்டை தட்டி, கால் மணி நேரம் காற்றாட விட்டு, பிடிக்குள் செருகுங்கள். இறுக்கத்தைக் காட்டுவது விரல் அல்ல, துணி. பிடியிலிருந்து மடிப்புகள் கதிர் மாதிரி விரிய வேண்டும். பிடிக்குப் பக்கத்தில் நெருக்கமாகவும் ஆழமாகவும், தள்ளிப்போகப் போகத் தளர்ந்தும் இருக்கட்டும். ஒரு மடிப்பை மட்டும் தோள் வரை விறைப்பாக இழுத்துவிடுங்கள். அந்த ஒரு கோட்டில்தான் அவள் எவ்வளவு நேரமாகப் பிடித்திருக்கிறாள் என்பது தெரியும். ஒட்டும் இடம் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் கீறி, மண் குழம்பு தடவி, அழுத்தி ஒட்ட வேண்டும்.

முகத்துக்கு நான்கு அழுத்தம் போதும். இரண்டு கட்டை விரலால் கண்குழி, ஒரு கிள்ளலில் மூக்கு, சில்லின் ஓரத்தால் வாய்க்கோடு. கண்ணீர்த் துளி ஒட்டாதீர்கள், வாயோரத்தைக் கீழே இழுக்காதீர்கள், கையைத் தலையில் வைக்காதீர்கள். மூன்றும் ‘இது துக்கம்’ என்று பெயர்ப் பலகை மாட்டுவதற்குச் சமம். பலகையைப் படித்தவர் அதோடு போய்விடுவார். முகம் வரவில்லை என்று தோன்றினால் முகத்தைத் திருத்தாமல் கழுத்தைத் திருத்துங்கள், தலையை அரை விரற்கடை தாழ்த்தியோ திருப்பியோ பாருங்கள். பத்தில் எட்டு முறை கோளாறு அங்கேதான்.

தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் ஆசை வரும்போது வேலையை நிறுத்துங்கள். மெருகு ஏற ஏற, கை அழுத்திய தடம் எல்லாம் அழிந்துவிடும். முதுகில் உங்கள் கட்டை விரல் ரேகை இருந்தால் இருக்கட்டும். நடுவில் உணர்ச்சி விட்டுப்போனால் உருவத்தை ஈரத்துணியால் மூடிவிட்டு, மறுபடி அந்த நிலையில் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். நெஞ்சு கொதிக்கும்போதே வேலை செய்வதும் சரிவராது, கை நடுங்கி எல்லாம் மிகையாகும். ஒரு இரவு கழியட்டும்.

குடைதல், காய்தல்

ஒன்றிரண்டு நாளில் ஒரு பதம் வரும்: நகம் பட்டால் கீறல் விழும், விரல் அழுத்தினால் குழியாது. அப்போது உருவத்தைத் துணிமேல் மெல்லப் படுக்கவைத்து, அடிவழியாகக் கம்பி வளையத்தால் குடையுங்கள். சுவர் ஒன்றரை செ.மீ. தடிமன் நிற்கட்டும். தலை உச்சிவரை எட்டாவிட்டால் கழுத்தை அறுத்து, தலையைத் தனியாகக் குடைந்து, கீறிக் குழம்பிட்டு ஒட்டலாம். பதம் தப்பிக் காய்ந்துவிட்டால் குடைய முடியாது. அதனால் அந்த இரண்டு நாளும் காலை மாலை தொட்டுப் பாருங்கள்.

பிறகு நிழலில் 10 நாள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூன்று வாரம்கூட ஆகும். சித்திரைக் காற்றில் எதிர்ப் பிரச்சினை: கை, மூக்கு, முந்தானை எல்லாம் முதலில் காய்ந்து, உடம்பு ஈரமாகவே இருந்து, இடையில் விரிசல் விடும். மெல்லிய பாகங்களில் மட்டும் ஈரத்துணி சுற்றுங்கள். அடியில் சாம்பலோ பழைய பேப்பரோ போட்டால் சுருங்கும்போது அடிப்பாகம் வழுக்கிக்கொடுக்கும், ஒட்டிப் பிளக்காது. காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

சுடுதல்

குயவர் சூளையில் பானைகளுக்கு நடுவே ஓரிடம் கேட்டு வாங்க முடிந்தால் அதுதான் நல்லது. தனியாகச் சுட வேண்டுமென்றால் இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி வெட்டி, அடியில் நான்கு விரற்கடை உமி, அதன்மேல் ஒரு வரிசை வறட்டி பரப்புங்கள். உருவத்தைப் பழைய பெரிய மண்பானைக்குள் வைத்து இறக்குங்கள். தீ நேராக மேலே படாது. சுற்றியும் மேலுமாக 40, 50 வறட்டி அடுக்கி, வைக்கோல் மூடி, சேறு பூசி, மேலே நான்கு துளை விடுங்கள்.

அதற்கு முன்பு உருவத்தை அடுப்போரத்தில் மூன்று மணி நேரம் சூடேற்ற வேண்டும். சூளையில் உருவம் வெடிப்பது காற்றுக் குமிழியால் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் வெடிக்க வைப்பது ஈரம். 100 டிகிரியில் அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் பிளக்கும். மூட்டிய முதல் இரண்டு மணி நேரம் புகைந்துகொண்டே இருக்கட்டும், விசிறாதீர்கள். சூடு 600 டிகிரியைத் தாண்டாவிட்டால் மண் பிறகு தண்ணீரில் கரைந்துவிடும். அதனால் சோதனைக்கு அதே மண்ணில் தட்டிய ஒரு சில்லையும் கூடவே வையுங்கள். ஒரு நாள் முழுக்கத் திறக்காதீர்கள். மண்ணிலுள்ள மணல் 573 டிகிரியில் சட்டென்று பருமன் மாறும். அந்த இடத்தை நிதானமாகக் கடக்காமல் குளிர்காற்று பட்டால், கண்ணாடி உடைவது போல ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அதோடு கழுத்து போயிற்று.

காற்று கிடைத்த இடம் சிவக்கும், கிடைக்காத இடம் கறுக்கும். தோளில் விழுந்த கறுப்புத் திட்டு குறை இல்லை, எனாமல் பெயின்ட் பூசி மறைக்காதீர்கள். மறைத்தால் அதோடு முதுகின் விரல் ரேகையும் போய்விடும். சோதனைச் சில்லை ஒரு இரவு தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மறுநாள் விரலால் தேய்த்தும் கரையாமல் இருந்தால், உருவத்தின் சாம்பலை உலர்ந்த துணியால் துடைத்து எடுங்கள்.

தேர்ந்தெடுத்த அந்த 7 செ.மீ. பிடியையும் அடியில் குடைந்து, காயவைத்து, அதே பானைக்குள் வைத்துச் சுட்டிருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முன்பு கேட்ட ஆளையே கூப்பிட்டு, பெரியதைக் காட்டி, அதே கேள்வியைக் கேளுங்கள்: ‘இவங்க என்ன பண்றாங்க?’ பிடியைப் பார்த்தபோது சொன்ன பதில் வரவில்லையென்றால், ஓலைகளை எடுத்து முதுகிலிருந்து மறுபடி அளந்து பாருங்கள். எந்த இடத்தில் நிமிர்த்திவிட்டீர்கள் என்பது அங்கே தெரியும்.